பூஞ்சை ஒட்டாத சுவர்

அத்தியாயம் பதினொன்று

இந்தக் குடும்பத்தில் யாருக்கும் யார் மேலும் வெறுப்பு கிடையாது. இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. பத்து வாரமாக இவர்கள் முறுக்கிக்கொண்டு திரிவதைப் பார்த்துவிட்டு, "இவங்களுக்கு என்னதான் பிரச்சனை?" என்று கேட்கிறவர்கள் அதிகமாகிவிட்டார்கள். பாசமெல்லாம் தாராளமாக இருக்கிறது. அதை வாயைத் திறந்து வெளியே விடுவதில்தான் சிக்கல்.

புதிதாக வந்து உட்காருகிறவர்களுக்காக ஒரு எட்டு பின்னால் போய் வந்துவிடலாம். அண்ணன் டைல்ஸ் மேஸ்திரி. தம்பி லிஃப்ட் மெக்கானிக். நமக்கு அவர்கள் பெரியவர், சின்னவர். மூன்று வருஷத்துக்கு முன்னால் பெரியவர் தம்பி வீட்டுக் குளியலறைக்கு டைல்ஸ் போட்டுக் கொடுத்தார். சில மாதத்தில் மூலையெல்லாம் கறுப்பாகப் பூஞ்சை படர்ந்தது. அடுத்த அறைச் சுவரில் ஈரம் ஊறியது. சின்னவர் அண்ணனிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அண்ணன் வெளியூர் வேலைக்குப் போன சமயம் பார்த்து, வேறொரு மேஸ்திரியை வைத்து அத்தனையையும் உடைத்து மறுபடி போட்டுவிட்டார்.

பெரியவர் சொன்ன நாளுக்கு முன்னாலேயே ஊர் திரும்பிவிட்டார். தம்பி வீட்டு வாசலில் சாக்கு மூட்டை கிடந்தது. மூட்டைக்குள் உடைந்த டைல்ஸ். குழாய்க்காக அவர் தன் கையால் அரைவட்டம் வெட்டிய துண்டு எல்லாவற்றுக்கும் மேலே கிடந்தது. உள்ளே வராமல் அப்படியே திரும்பிப் போனார். அன்றோடு பேச்சு நின்றது.

மறுபடி பேச வைத்தது மீன். சின்னவர் ஹாலில் கடல் மீன் வளர்க்கிறார். அந்தத் தொட்டியின் அடிப்பக்கம் கசிய ஆரம்பித்ததும் புதுத் தொட்டி வாங்கினார். அதன் பின்பக்கக் கண்ணாடியை மறைத்து நிஜக் கல்லிலேயே ஒரு சுவர் எழுப்ப வேண்டும், அதில் பவளம் ஒட்டி வளர வேண்டும் என்று அவருக்கு நெடுநாள் ஆசை. ஆனால் கடல்பாறையை ரொட்டித் துண்டு மாதிரி மெல்லிசாகச் சீவ வேண்டும். அதற்கு அவருக்குத் தெரிந்து ஒரே ஒரு கைதான் இருந்தது. கல் மூட்டையைத் தூக்கிக்கொண்டு அண்ணன் வேலை செய்யும் கட்டடத்துக்குப் போய் முன்னால் வைத்தார். பெரியவர் மூட்டையைப் பார்த்தார். தம்பியைப் பார்க்கவில்லை.

"எவ்வளவு கனம்?" என்று கேட்டார். மூன்று வருஷத்தில் அதுதான் முதல் பேச்சு.

சீவியாயிற்று, ஒட்டியாயிற்று. இன்று அந்தச் சுவர் தண்ணீருக்குள் போகிற நாள்.

*

காலையில் பெரியவர் வந்தபோது சின்னவர் வீட்டில் இல்லை. ஏதோ ஒரு அலுவலகக் கட்டடத்து லிஃப்டில் வக்கீல் ஒருவர் மாட்டிக்கொண்டு, உள்ளே இருந்தபடியே எல்லோர் மேலும் வழக்குப் போடுவதாகச் சொல்லிக்கொண்டிருந்தாராம். விடுமுறை நாளென்றாலும் மெக்கானிக் போய்த்தான் ஆக வேண்டும்.

கதவைத் திறந்தது சின்னவர் மனைவி. பல்செட் செய்கிற பட்டறையில் அவளுக்கு வேலை. தெருவில் 'பல்லம்மா' என்று பெயர். பெரியவருடைய முன்பல்கூட அவள் செய்ததுதான். சாரத்திலிருந்து விழுந்து உடைந்துபோன பல்லுக்குப் பதிலாக, கழற்றி மாட்டுகிற ஒற்றைப் பல். பேச்சு நின்றிருந்த மூன்று வருஷமும் அவள் செய்த பல்லை வாயில் வைத்துக்கொண்டேதான் பெரியவர் அவளையும் சேர்த்துத் திட்டிக்கொண்டிருந்தார்.

"தண்ணி ஊத்தறதுக்கு முந்தி ஒரு தடவை பார்த்துட்டுப் போயிடறேம்மா. சைட்டுக்குப் போற வழிதானே" என்றார்.

அது போகிற வழி இல்லை. சைட் எதிர்த் திசையில் இருக்கிறது. அவள் அதைச் சொல்லவில்லை.

புதுத் தொட்டி இரும்பு மேஜை மேல் சுவரை ஒட்டி நின்றது. உள்ளே பின்பக்கக் கண்ணாடியில் மூன்று பிளாஸ்டிக் பலகைகள். பலகை முழுக்கச் சீவிய கல். வெட்டின தட்டை முகம் பலகைப் பக்கம், கடல் அரித்த முகம் நம் பக்கம். நடுநடுவே பவளம் உட்காரக் கை அகலத் திட்டுகள். ஒரு மூலையில் மோட்டாரை ஒளித்து வைக்க ஒரு பொந்து. பலகையும் பலகையும் சேருகிற கோடு மட்டும் எங்கேயும் தெரியாது. அது அவள் வேலை. கல்லுக்குக் கல் தூளின் நிறம் மாறும். வெட்டும்போது விழுந்த தூளைத் தனித்தனியாகச் சலித்து வைத்துக்கொண்டு, பசையில் குழைத்து, பல்லுக்கு ஈறு வைக்கிற சின்னக் கரண்டியாலேயே இடுக்கை நிரப்பியிருந்தாள். எங்கே சேர்த்தோம் என்று அவளே இப்போது தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

பெரியவர் குனிந்து விரல் முட்டியால் கல்லைத் தட்டினார். டைல்ஸ்காரர்களுக்கு அது கைப்பழக்கம். அடியில் எங்காவது காலியாக இருந்தால் சத்தம் மாறிவிடும். அண்ணன் கையில் காபி டம்ளரைக் கொடுத்தாலும் தட்டிப் பார்த்துவிட்டுத்தான் குடிப்பார் என்று சின்னவர் அந்தக் காலத்தில் கேலி செய்வார்.

"நல்லா வந்திருக்கு" என்றார் பெரியவர்.

"உங்க கை மாமா."

"மூணு பேர் கையும்தான்."

கணவனின் அண்ணனை மாமா என்று கூப்பிடும் பழக்கம் அவளுக்கு. நடுவில் மூன்று வருஷம் அந்த வார்த்தைக்கு வேலை இல்லாமல் கிடந்தது. இப்போது கூப்பிடும்போதெல்லாம் அவளுக்குச் சந்தோஷமாக இருந்தது.

ஒன்று மட்டும் பாக்கி. இந்தச் சுவர் வேலை நடந்த நாட்களில் பெரியவர் காலையிலிருந்து சாயங்காலம் வரை இந்த வீட்டில் இருந்திருக்கிறார், சாப்பிட்டிருக்கிறார், பாயில் படுத்துக்கூட எழுந்திருக்கிறார். குளியலறைக்குள் மட்டும் கால் வைக்கவில்லை. அவசரமென்றால் தெருமுனை பெட்ரோல் பங்க் வரை நடந்து போய் வந்தார். ஏன் என்று யாரும் கேட்கவில்லை. கேட்டால் அவர் பதில் சொல்லிவிடுவாரோ என்ற பயம்.

டீ கொடுத்தாள். பெரியவர் பிஸ்கட்டை டீயில் முக்கி, அது தொளதொளவென்று ஆகும்வரை காத்திருந்து, ஒரு பக்கமாகத் தள்ளிச் சாப்பிட்டார். அவள் கண்ணில் அது பட்டது. மனசில் நிற்கவில்லை. அடுத்து அவர் சொன்னது அப்படி.

"உன்கிட்ட ஒரு விஷயம் சொல்றேன். அவன்கிட்ட சொல்லிக்கிட்டிருக்காத."

"என்ன மாமா?"

"மூணாவது பலகை ஒட்டும்போது அவன் வாங்கி வெச்ச சிலிக்கான் பசை ட்யூப் பாதியில தீர்ந்துபோச்சு. அவனும் அப்போ இங்க இல்ல. சரின்னு என் பையில இருந்ததை எடுத்துப் போட்டேன்."

"உங்க பையில இருந்தா?"

"பாத்ரூமுக்கு நான் போடறதுலயே அதுதான் ஒசத்தி. பூஞ்சைக்கு மருந்து கலந்தது. இனிமே பாரு, எத்தனை வருஷம் ஆனாலும் அந்தப் பக்கம் ஒண்ணும் முளைக்காது." டம்ளரைக் கீழே வைத்தார். "அன்னைக்கு இந்த வீட்டுல கறுப்பு பிடிச்சுது இல்ல? இந்தத் தடவை அப்படி ஆகக் கூடாதுன்னு எனக்கு ஒரு இது."

அவளோ வாய்க்குள் போகிற பொருளைச் செய்கிறவள். எது கரையும், எது கரையாது என்று பார்த்துப் பார்த்தே பழகியவள். மருந்து கலக்காத ட்யூபுக்காகக் கணவர் கடை கடையாக ஏறி இறங்கியதும் அவளுக்குத் தெரியும். பூஞ்சையைக் கொல்கிற மருந்துக்கு, தொட்டியில் பூ மாதிரி விரிந்து வாழ்கிற கடல் சாமந்தி எது, பூஞ்சை எது என்று பிரித்துப் பார்க்கத் தெரியாது. அந்தச் சுவரைக் கட்டியதே அதன் மேல் ஏதாவது முளைக்க வேண்டும் என்றுதான்.

சொல்லியிருக்கலாம். அவர் எதிரிலேயே உட்கார்ந்திருந்தார். முகத்தில் அப்படி ஒரு திருப்தி.

"இன்னொரு பிஸ்கட் எடுத்துக்கங்க மாமா" என்றாள்.

*

சின்னவர் திரும்பியபோது நல்ல உற்சாகத்தில் இருந்தார். வக்கீல் வெளியே வந்ததும் வழக்கை மறந்துவிட்டு அவர் கையைப் பிடித்துக் குலுக்கினாராம். சட்டையைக்கூட மாற்றாமல் பால்கனிக்குப் போனார். அங்கே நீல டிரம்களில் உப்புத்தண்ணீர் கலந்து தயாராக இருந்தது. சின்ன மோட்டாரை டிரம்மில் இறக்கி, குழாயின் இன்னொரு முனையைப் புதுத் தொட்டிக்குள் விட்டு, சுவிட்சில் கை வைத்தார்.

"போடாதீங்க" என்றாள் மனைவி.

"ஏன், பைப் கழண்டிருக்கா?"

"உக்காருங்க, சொல்றேன்."

"நின்னுக்கிட்டே கேக்கறேன். நீ உக்காரச் சொன்னாலே எனக்குப் பயமா இருக்கு."

சொன்னாள். அவர் உட்கார்ந்தார்.

எதிரே பழைய தொட்டி. ஒரு ஜோடி கோமாளி மீன்கள். அவை படுத்துறங்கும் கடல் சாமந்தி, தட்டு அகலம், லேசாக ஆடிக்கொண்டிருந்தது. பொத்தான் அளவில் வந்ததை அவர் வளர்த்து இவ்வளவுக்கு ஆக்கியிருந்தார். தொட்டிக்கு அடியில் மடித்துப் போட்ட பழைய துண்டுகள். காலையும் மாலையும் பிழிந்து போடுவது இந்த வீட்டில் ஒரு வேலையாகிவிட்டிருந்தது. இப்போதெல்லாம் மத்தியானமும் பிழிய வேண்டியிருக்கிறது.

"இவ்வளவும் போயிருக்கும்" என்றார் சின்னவர்.

"ம்."

"அண்ணன் வேணும்னு செய்யல."

"வேணும்னு செஞ்சார்னு யார் சொன்னா?"

சின்னவர் எழுந்து புதுத் தொட்டியைச் சுற்றி வந்தார். மெக்கானிக் மூளை. எங்கே மாட்டியிருக்கிறது, எதைக் கழற்றினால் விடுபடும் என்று கணக்குப் போட ஆரம்பித்துவிட்டது.

"மூணாவது பலகை மட்டும்தானே. அண்ணன் சாயங்காலம் வரைக்கும் சைட்டுல இருப்பார். நாம அதைக் கழட்டி, சுரண்டி, நல்ல ட்யூபைப் போட்டு ஒட்டிடலாம். அதே பலகை, அதே கல்லு. காயறதுக்கு ஒரு வாரம் ஆகும், தண்ணி ஏன் ஊத்தலன்னு கேட்டா மோட்டார் வரலைன்னு சொல்லிக்கலாம். அவருக்கு எப்படித் தெரியும்?"

"தெரியாதுதான்."

"அப்புறம் என்ன?"

"போன தடவையும் தெரியாதுன்னுதான் நினைச்சோம்."

நினைச்சோம் என்றாள். நினைச்சீங்க என்று சொல்லவில்லை. அதற்குக் காரணம் உண்டு. மூன்று வருஷத்துக்கு முன்னால், "அவர் ஊருக்குப் போனதும் வேற ஆளை வெச்சுப் பார்த்துக்கலாம், மூஞ்சிக்கு நேரா சொன்னா மனசு உடைஞ்சுபோவார்" என்று யோசனை சொன்னது அவள்தான். நல்ல எண்ணத்தில்தான் சொன்னாள். சின்னவர் அந்தப் பேச்சை இன்றுவரை யாரிடமும் சொன்னதில்லை. அவளிடமே சொல்லிக் காட்டியதில்லை. ஒரு தடவையாவது சொல்லிக் காட்டியிருந்தால் அவளுக்குக் கொஞ்சம் பாரம் குறைந்திருக்கும்.

சின்னவர் காதில் போட்டுக்கொள்ளவில்லை. மெல்லிய எஃகுக் கம்பி ஒன்றை எடுத்து வந்து, பலகைக்கும் கண்ணாடிக்கும் நடுவே நுழைத்து இழுக்க ஆரம்பித்தார். ஒரு மூலை விட்டுக்கொடுத்தது. பிறகு கம்பி நின்றது. இரண்டாவது பலகையோடு சேருகிற இடம்.

"இங்க உன் பூச்சு பிடிச்சிருக்கு. இதை நீதான் வெட்டணும்."

அவள் உள்ளே போய்ச் சின்ன உளியைக் கொண்டு வந்தாள். கையில் வைத்துக்கொண்டு நின்றாள்.

"வெட்டறேன். மாமா வந்ததுக்கு அப்புறம்."

"என்ன விளையாடறியா?"

"அவர் எதிர்ல வெட்டறேன். அவர் இல்லாம இதுல கை வைக்க மாட்டேன்."

சின்னவர் கம்பியைக் கீழே போட்டார். "மறுபடி போயிட்டார்னா? இப்பதான் வாசப்படி ஏறி வந்திருக்கார். உன் வேலை சரியில்லன்னு இன்னொரு தடவை சொன்னா அவ்வளவுதான். இன்னொரு மூணு வருஷம் என்னால முடியாது. எனக்கு அண்ணன் வேணும்."

"எனக்கும்தான் வேணும். போனா தெரிஞ்சு போகட்டும். சாக்கு மூட்டையைப் பார்த்துட்டுப் போக வேணாம்."

அவர் வெகுநேரம் போனைக் கையில் வைத்துக்கொண்டு பார்த்தார். பிறகு அண்ணனுக்குப் போட்டார்.

"அண்ணே."

"தண்ணி ஊத்தியாச்சா?" பின்னால் டைல்ஸ் வெட்டுகிற சத்தம்.

"ஊத்தல. ஊத்த முடியாது. மூணாவது பலகையை எடுக்கணும். நீ போட்ட ட்யூப்ல இருக்கற மருந்து தண்ணியில இறங்கும். உள்ள இருக்கற எல்லாம் செத்துடும்."

வெட்டுகிற சத்தம் நின்றது.

"கழட்டிட்டியா?"

"ஒரு மூலை."

"மிச்சத்துல கை வைக்காத" என்றார் பெரியவர். போன் வைக்கப்பட்டது. அது கோபமா, வேறு ஏதாவதா என்று கணவன் மனைவி இருவருக்கும் பிடிபடவில்லை.

*

பெரியவர் பையோடு வந்தார். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை, சைட்டுத் தூசி மட்டும் இருந்தது. நேராகத் தொட்டிக்குப் போய், கழன்ற மூலையை விரலால் நெம்பிப் பார்த்தார்.

"நான்தான் சொன்னேன் மாமா. நீங்க சொல்ல வேணாம்னு சொன்னதை" என்றாள் அவள்.

"காலையில என்கிட்டயே சொல்லியிருக்கலாமே."

"வாய் வரல."

அவர் தலையை ஆட்டினார். தம்பியிடம் திரும்பி, "ரெண்டாவது பலகை ஓரத்துலயும் பட்டிருக்கும். அதையும் சுரண்டணும். கையுறை இருக்கா?" என்றார்.

அதன் பிறகு கொஞ்ச நேரம் வேலைதான் நடந்தது. முதலில் அவள் தன் பூச்சை வெட்டினாள். நிறம் பார்த்துப் பார்த்துக் குழைத்து வைத்தது, உளிபட்டதும் பொட்டுப்பொட்டாக உதிர்ந்தது. வருத்தமாகத்தான் இருந்தது. ஆனால் கை நிற்கவில்லை. பிறகு அண்ணனும் தம்பியும் கம்பியின் ஆளுக்கொரு முனையைப் பிடித்துக்கொண்டு தொட்டியின் இரண்டு பக்கமும் நின்றார்கள். இவர் இழுத்தால் அவர் விட வேண்டும், அவர் இழுத்தால் இவர் விட வேண்டும். சின்ன வயதில் வீட்டுக்கு விறகு அறுத்த பழக்கம். யாரும் சொல்லாமலே தாளம் வந்துவிட்டது.

"ஒண்ணு கேக்கணும்" என்றார் பெரியவர்.

"கேளுண்ணே."

"அந்த பாத்ரூம்ல என்ன தப்பு?"

கம்பி நின்றது.

"நிறுத்தாத, இழு. கை ஓடும்போதே சொல்லிடு."

சின்னவர் இழுத்தார். "குழாய் சுவத்துக்குள்ள போற இடத்துல ஓட்டையைச் சுத்தி அடைக்கலண்ணே. அப்படியே மேல டைல்ஸ் ஒட்டிட்டே. தண்ணி அது வழியா உள்ள இறங்கிடுச்சு. ஈரத்துலதான் கறுப்பு பிடிச்சுது."

"குழாய் ஓட்டையா?"

"ஆமா."

பெரியவர் நாலைந்து இழுப்பு இழுத்தார்.

"சாக்குல நான் பார்த்தது அந்தக் கறுப்பை மட்டும்தான்டா. சிலிக்கான் மட்டரகம், அதுல பூஞ்சை பிடிச்சுதான் நீ உடைச்சிருக்கேன்னு நினைச்சேன். அதுக்கப்புறம்தான் இந்த மருந்து ட்யூபே வாங்க ஆரம்பிச்சேன். போற இடமெல்லாம் இதைத்தான் போடறேன்." கம்பி மறுபடி நின்றது, இந்தத் தடவை அவர் பக்கம். "குழாய் ஓட்டையை இன்னமும் அப்படியேதான் விடறேன்."

அவள் உளியைக் கீழே வைத்தாள்.

"எத்தனை வீட்டுல இறங்கிக்கிட்டிருக்கோ" என்றார் பெரியவர். அவர் கண் எங்கேயோ இருந்தது. போட்ட குளியலறைகளை ஒவ்வொன்றாக நினைத்துப் பார்க்கிறார் என்று தெரிந்தது.

"நான் சொல்லியிருக்கணும்ணே."

"ஒரு வார்த்தைடா. திட்டியே சொல்லியிருக்கலாம். சின்ன வயசுல ஜன்னல் கண்ணாடியை உடைச்சாக்கூட நீயேதான் ஓடி வந்து சொல்லுவ. மறைச்சுச் செய்யணும்னு உனக்கு எப்படித் தோணுச்சு?"

சின்னவர் மனைவி பக்கம் திரும்பவே இல்லை.

"தோணுச்சுண்ணே. விடு."

"அதான் எனக்குப் புரியல. உன் புத்தியே இல்ல அது."

"என் புத்திதான். இழு."

பலகை கழன்று வந்தது. இரண்டு பேரும் சேர்ந்து பிடித்து, கல் உதிராமல் தரையில் படுக்க வைத்தார்கள். கண்ணாடியில் ஒட்டியிருந்த மிச்சத்தைப் பெரியவர் பிளேடால் வழித்தார். ஒரு கீற்றுக்கூட விடவில்லை. பலகையின் முதுகையும் அப்படியே சுரண்டினார். பிறகு பழைய தொட்டியின் அடியில் கையை வைத்துப் பார்த்துவிட்டு, "இது ஒரு வாரம் தாங்குமாடா?" என்றார்.

"தாங்கணும்" என்றார் சின்னவர்.

*

பெரியவர் கையெல்லாம் சிலிக்கான் பிசிறு. கையுறையைக் கழற்றிவிட்டு நின்றார். வாசல் பக்கம் பார்த்தார். பெட்ரோல் பங்க் ஞாபகம் போலிருக்கிறது. பிறகு ஹாலை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தார்.

"பாத்ரூம் எந்தப் பக்கம்?" என்று கேட்டார்.

தரையிலிருந்து மேல்வரை ஒவ்வொரு வரிசையும் ஒரு காலத்தில் அவர் கை பட்ட அறை. சின்னவர் அந்தக் கேள்வியை அப்படியே வாங்கிக்கொண்டு, "நேராப் போய் இடது பக்கம்ணே" என்று மரியாதையாகச் சொன்னார்.

கதவு சாத்திக்கொண்டது. குழாய்த் தண்ணீர் ஓடியது, நின்றது. அவர் வெளியே வரவில்லை. கொஞ்ச நேரத்தில் உள்ளேயிருந்து சத்தம் கேட்டது. டொக், டொக். தள்ளி இன்னொரு டொக். வேறொருவர் போட்ட டைல்ஸை வரிசை வரிசையாகத் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

சின்னவர் சிரித்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டார். அவள் சிரிக்கவில்லை. தன் புத்தி இல்லாத ஒன்றைத் தன் புத்தி என்று சொல்லிவிட்டு ஒரு மனுஷன் எதிரே நிற்கிறான். அவனைப் பிடித்துப் போனில் அண்ணனிடம் உண்மையைச் சொல்ல வைத்தது அவள். அதை நினைத்தால் அவளுக்கு வெட்கமாக இருந்தது. நேராகக் குளியலறைக் கதவுக்குப் போனாள்.

"என்ன பண்ற?" என்றார் சின்னவர் மெதுவாக. அவள் திரும்பவில்லை.

"மாமா."

தட்டுகிற சத்தம் நின்றது.

"உங்களுக்குத் தெரியாம வேற ஆளை வெச்சு உடைக்கலாம்னு சொன்னது அவர் இல்ல. நான். அவர் சொல்லிடலாம்னுதான் சொன்னார். நான்தான் வேணாம்னு தடுத்தேன்."

 அவள் கதவைப் பார்த்துக்கொண்டே நின்றாள். இந்தக் கதவு திறந்து, பெரியவர் அவளைத் தாண்டிக்கொண்டு வாசலுக்கு நடந்துவிட்டால், இனி கூப்பிட்டாலும் வர மாட்டார். அது அவளுக்கு நன்றாகத் தெரியும்.

கதவு திறந்தது. பெரியவர் ஈரக் கையோடு நின்றார். அவளையே கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு இரண்டு விரலை வாய்க்குள் விட்டு, முன்பல்லைக் கழற்றி, உள்ளங்கையில் வைத்து நீட்டினார்.

"இது ரெண்டு மாசமா ஆடுது" என்றார். பல் இல்லாததால் காற்றுக் கலந்து வந்தது பேச்சு.

அவள் பல்லைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள்.

"உன் மனசு கஷ்டப்படும்னு சொல்லல. வேற பட்டறையில புதுசு செய்யச் சொல்லியிருக்கேன். நாளைக்கு அளவு எடுக்க வரச் சொல்லியிருக்காங்க."

சின்னவர் பின்னால் வந்து நின்றுகொண்டிருந்தார்.  காலையில் தொளதொளத்த பிஸ்கட் இப்போதுதான் அவள் மனசில் வந்து நின்றது.

பல்லை வாங்கி, குளியலறை விளக்கடியில் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பக்கத்துப் பல்லைக் கவ்விப் பிடிக்கிற கம்பியை நகத்தால் லேசாக அழுத்தினாள். அது வளைந்து கொடுத்தது.

"கம்பி மெல்லிசு. என் தப்புதான் மாமா. பார்வைக்குத் தெரியக் கூடாதுன்னு மெல்லிசாப் போட்டேன்."

"அப்படியா."

"எல்லாருக்கும் அதே கம்பிதான் போட்டேன்." பல்லை மறுபடி திருப்பினாள். "இன்னமும் அதைத்தான் போடறேன். ஒருத்தரும் வந்து ஆடுதுன்னு சொல்லல."

பெரியவர் குளியலறைச் சுவரைப் பார்த்தார், பிறகு தம்பியைப் பார்த்தார். மூன்று பேருக்கும் ஒரே சமயத்தில் ஒரே விஷயம் புரிந்தது. அதைச் சொல்ல வேண்டிய அவசியம் யாருக்கும் இருக்கவில்லை.

"நாளைக்கு அங்க போக வேணாம்" என்றாள் அவள். "என்னங்க, அந்த டார்ச்சைக் கொண்டாங்க. இப்படிப் பிடிங்க. நீங்க வாயைத் திறங்க மாமா. எந்தப் பக்கம் உரசியிருக்குன்னு பார்க்கணும்."

பெரியவர் குளியலறை வாசலில் நின்று வாயைத் திறந்தார். சின்னவர் ஹாலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு டார்ச்சைப் பிடித்தார். அவளும் ஹாலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, ஒரு கையால் பெரியவர் தாடையைப் பிடித்து, இன்னொரு கையால் உதட்டை ஒதுக்கினாள்.

ஹாலைப் பார்த்தபடி நின்றது பெரியவர் ஒருவர்தான். பழைய தொட்டியின் அடியில் துண்டு முழுக்க நனைந்து கறுத்திருந்தது. அதிலிருந்து மெல்லிசாக ஒரு கோடு கிளம்பி, தரையில் இவர்களை நோக்கி வந்துகொண்டிருந்தது.

அவர் கையைத் தூக்கிக் காட்டினார். தொண்டைக்குள்ளிருந்து என்னவோ சொல்லப் பார்த்தார்.

"பேசாதீங்க மாமா, அசையாதீங்க" என்றாள் அவள். "ஒரு நிமிஷம்."